வாரத்தில் மூன்று நாள் இயந்திரத்துக்கு, மற்ற நான்கு நாள் எதற்கு?

கரும்பலகை:

அனைவருக்கும் வணக்கம். அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் 24 ஆண்டுகளாக மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் கற்பித்து வருகிறேன். வயது 51. சென்ற ஆண்டு பொங்கல் கழிந்த வாரத்தில், கால் வீங்குகிறதே என்று பார்க்கப் போன இடத்தில் எடுத்த இரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் 9.4 என்று வந்தது. பெரியவர்களுக்கு அது 1.3 அளவைத் தாண்டக் கூடாது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். பதினைந்து ஆண்டுகளாக எனக்கிருந்த இரத்தக் கொதிப்பை, தலை வலித்தால் மட்டும் மாத்திரை போட்டுக்கொள்ள வேண்டிய ஒன்றாகவே நான் நடத்தி வந்திருந்தேன். ஸ்கேனில் இரண்டு சிறுநீரகங்களும் சுருங்கிப் போயிருந்தன. அந்த வாரமே கழுத்தில் குழாய் வைத்து டயாலிசிஸ் தொடங்கினார்கள். இப்போது இடக் கையில் ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகத் தமனியைச் சிரையோடு இணைத்த இடம், இருக்கிறது. திங்கள், புதன், வெள்ளி என்று வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எங்கள் பாடநூலில் இதற்குக் கூழ்மப்பிரிப்பு என்று பெயர். சவ்வுப் பையில் கூழ்மக் கரைசலை நிரப்பி ஓடும் நீரில் தொங்கவிட்டால் சிறு துகள்கள் வெளியேறும், பெரியவை உள்ளே தங்கும் என்று ஒவ்வோர் ஆண்டும் கரும்பலகையில் படம் வரைந்து காட்டுவேன். இன்று அந்தப் படத்துக்குள் நானே படுத்திருக்கிறேன். நிமிடத்துக்கு 500 மில்லி வீதம் நான்கு மணி நேரத்தில் 120 லிட்டர் கரைசல் சவ்வின் மறுபக்கம் ஓடுகிறது. முதல் சில வாரங்கள் இந்தக் கணக்குகளைப் போட்டே பொழுதைக் கழித்தேன். பிறகு அதுவும் சலித்துவிட்டது.

நான் கேட்க வந்தது வேறு. மருத்துவமனைக்குப் போகும் மூன்று நாட்களில் எனக்குச் சிக்கல் இல்லை. எங்கே போக வேண்டும், எந்தக் கட்டிலில் படுக்க வேண்டும், எத்தனை மணிக்கு இறங்க வேண்டும் என்பதெல்லாம் தீர்மானமாக இருக்கிறது. மற்ற நான்கு நாட்கள்தாம் என்னைக் கொல்கின்றன. நீண்ட மருத்துவ விடுப்பில் இருக்கிறேன். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் நன்றாக ஓய்வெடுங்கள் என்கிறார்கள், அடுத்த வாக்கியத்தில் மன உறுதியோடு இருங்கள் என்கிறார்கள். அந்த மன உறுதியை எதன் மீது வைத்துக்கொள்வது என்று யாரும் சொல்வதில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் ஒருவனுக்கு அது எதற்குப் பயன்படும்?

இதே நிலையில் பல ஆண்டுகள் இருந்தவர்கள் இங்கே இருப்பீர்கள். அந்த நாட்களை எப்படி மீட்டீர்கள் என்று எழுதினால் உதவியாக இருக்கும். கைமருந்துக் குறிப்புகளும் தன்னம்பிக்கை வாசகங்களும் வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். இரண்டும் வீட்டில் போதுமான அளவு இருக்கின்றன.

தறிநாடா:

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். குமாரபாளையம் பக்கம் விசைத்தறித் தொழிலில் இருக்கிறேன். டயாலிசிஸ் தொடங்கி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. இடம் கிடைக்காததால் முதலில் வாரம் இரண்டு முறைதான் செய்தேன், பிறகு மூன்றானது.

உங்கள் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. நான்கு நாள் மிச்சம் என்கிறீர்கள். இயந்திரத்திலிருந்து இறங்கிய அன்று மாலை வரை எதற்கும் ஆக மாட்டோம் என்பது போகட்டும், அந்த மூன்று நாட்களையும் நீங்களே கழித்துவிட்டீர்கள். ஆனால் வெள்ளிக்குப் பிறகு திங்கள்வரை இரண்டு நாள் இடைவெளி வருகிறதல்லவா, அதில் ஞாயிறு மாலை உடம்பில் நீர் ஏறி மூச்சு கனக்கும். ஆகவே நமக்கு உண்மையில் கிடைப்பது செவ்வாய், வியாழன், சனி முழுதும், ஞாயிறு நண்பகல்வரையும் மட்டுமே. நான்கு நாள் என்று எண்ணிக்கொண்டு ஞாயிறு மாலை ஒன்றும் செய்ய முடியாமல் போனால், வாரம் முழுதும் தோற்றுவிட்டதாக மனம் சொல்லும். நானும் ஓராண்டு அப்படி ஏமாந்திருக்கிறேன்.

நோய் வருவதற்கு முன் நான் ஆறு தறிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபிஸ்டுலா போட்ட கையில் பளு தூக்கக் கூடாது என்றதும் தறிப்பட்டறைப் பக்கமே போகாமல் இருந்தேன். ஏழாம் மாதம் முதலாளி தார் சுற்றுகிற வேலைக்கு உட்காரச் சொன்னார். தொழில் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், குறுக்கே ஓடும் ஊடை நூலைச் சிறு குச்சியில் சுற்றி, அதைத் தறியில் இழுத்துச் செல்லும் நாடாவுக்குள் வைக்க ஆயத்தம் செய்யும் வேலை அது. எங்கள் பட்டறையில் வயதானவர்களும் பெண்களும் செய்வார்கள். எனக்கு அது அவமானமாகப் பட்டது. போனேன், பத்து நாளில் நின்றுவிட்டேன். நான் நின்ற மறுநாள் காலை எட்டு மணிக்கு ஒரு பையன் வீட்டு வாசலில் வந்து, தார் இல்லாமல் இரண்டு தறி நிற்கிறது, உனக்கென்ன தூக்கமா என்று கத்தினான். எனக்குக் கோபம் வந்தது. ஏழு மாதத்தில் யாரும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை, எல்லாரும் மெதுவாகத்தான் பேசினார்கள். நெடுநாளைக்குப் பிறகு வந்த அந்தக் கோபம் எனக்குப் பிடித்திருந்தது என்பதைச் சொன்னால் நம்புவீர்களா தெரியவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு போனேன். இன்றும் போகிறேன். இப்போது பாவு பிணைக்கவும், அதாவது தறியின் நீளவாட்டு இழைகளை முடிச்சுப் போடவும், உட்காருகிறேன்.

நான் வராவிட்டால் நின்றுபோகிற ஒன்று எனக்கு வேண்டியிருந்தது. அது இரண்டு தறியாக இருந்தது. உங்களுக்கு என்ன நிற்கும் என்று பாருங்கள்.

புதுவரவு:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என் தந்தைக்குச் சென்ற மாதம் டயாலிசிஸ் தொடங்கியது. உடம்பு சூடு தணியவும் சிறுநீர் நன்றாகப் பிரியவும் தினமும் இளநீர் கொடுக்கச் சொல்லி உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள். கொடுக்கலாமா?

மூன்றாம் ஷிப்ட்:

கூடாது. நான் டயாலிசிஸ் பிரிவில் தொழில்நுட்பராக வேலை செய்கிறேன். இளநீரில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகம் வேலை செய்யாதபோது அது இரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பையே நிறுத்திவிடக்கூடும். வாழைப்பழம், தக்காளி, கீரை, பழச்சாறு ஆகியவற்றையும் மருத்துவரிடமோ உணவியலாளரிடமோ கேட்காமல் கொடுக்க வேண்டாம். காய்களை நறுக்கி நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரை வடித்துவிட்டுச் சமைப்பது வழக்கம். உப்பைக் குறைக்கிறோம் என்று கடையில் மாற்று உப்பு வாங்கிவிடாதீர்கள், அவற்றில் பல பொட்டாசியம் குளோரைடால் ஆனவை. தந்தையாரின் மருத்துவக் கேள்விகளை அவருடைய மருத்துவரிடமே கேளுங்கள். இது ஒன்றை மட்டும் தாமதிக்கக் கூடாது என்பதால் எழுதினேன்.

ஆசிரியர் ஐயாவிடம் ஒரு சொல். சுவரைப் பார்த்துப் படுத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அந்தச் சோர்வை முழுவதும் மனத்தின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். இரத்தச் சிவப்பணுக்களை உண்டாக்கத் தூண்டும் எரித்ரோபாயட்டின் என்ற சுரப்பைத் தருவது சிறுநீரகம். அது கெட்டால் அந்தச் சுரப்பும் குறையும், ஹீமோகுளோபின் இறங்கும், எழுந்து நடக்கவே மலைப்பாக இருக்கும். எங்கள் பிரிவில் ஓர் அம்மையார் மூன்று மாதம் யாரோடும் பேசாமல் இருந்தார். வாழ விருப்பமில்லாதவர் என்று எல்லாருமே முடிவு கட்டியிருந்தோம். அவருடைய ஹீமோகுளோபின் 6.8 ஆக இருந்தது. அந்தச் சுரப்புக்கான ஊசியும் இரும்புச் சத்தும் சரியாகச் சேர்ந்து பத்தைத் தொட்டபோது, பக்கத்துக் கட்டில்காரரோடு தொலைக்காட்சித் தொடருக்காகச் சண்டை போடத் தொடங்கினார். மன அழுத்த நோயும் நம்மவர்களிடம் மிகப் பரவலாக உண்டு, அதற்கும் மருத்துவம் உண்டு. நேரத்தைக் குறைத்துக்கொண்டு சீக்கிரம் இறக்கிவிடச் சொல்லிக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். கழிவு போதிய அளவு நீங்காவிட்டால் பசியும் போகும், உறக்கமும் போகும். முதலில் இவற்றைப் பார்த்துவிட்டு அதன் பிறகு வாழ்க்கையின் பொருளைத் தேடலாம்.

ஈரநிலம்:

நான் நோயாளியின் மனைவி. என் கணவருக்கு வயிற்று வழி டயாலிசிஸ். வயிற்றில் மென்மையான குழாய் ஒன்றைப் பொருத்தி, இரண்டு லிட்டர் கரைசலை உள்ளே விட்டுச் சில மணி நேரம் வைத்திருந்து வடிப்போம். நாளுக்கு மூன்று முறை வீட்டிலேயே செய்கிறோம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021இல் வந்தபின் பைகள் வீட்டுக்கே வருகின்றன. கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, கையைக் கழுவி, முகத்தில் துணி கட்டி, ஒரு பூசைபோல நடக்கும். வடிந்த நீர் கலங்கலாக இருந்தால் கிருமி புகுந்துவிட்டது என்று பொருள், அன்றே ஓட வேண்டும். மூன்று ஆண்டுகளாக ஒவ்வொரு நாளும் அந்தப் பையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தபின்தான் எனக்கு மூச்சு வருகிறது.

எங்களுடையது மளிகைக் கடை. நோய் தெரிந்ததும் நானும் மகனும் கடையை எடுத்துக்கொண்டோம். அவர் அலைய வேண்டாம், மூட்டை தூக்க வேண்டாம், தூசி படக் கூடாது என்று தொடங்கி, கொள்முதல் விலை கேட்டால்கூட உங்களுக்கு எதற்கு இந்தக் கவலை என்று பேச்சை மாற்றும் அளவுக்குப் போனோம். கணக்கு நோட்டை அவர் கண்ணில் படாமல் வைத்தோம். எல்லாம் அன்பினால்தான். அவர் நாளுக்கு நாள் வாய் மூடிப் போனார். நோய் முற்றுகிறது என்று நினைத்தோம்.

ஒரு நாள் மொத்த வியாபாரி பணம் கேட்டு வீட்டுக்கே வந்துவிட்டார். நான் கொடுக்கப் போனபோது இவர் கட்டிலில் இருந்தபடியே சீட்டை வாங்கிப் பார்த்து, துவரம் பருப்பு மூட்டை ஒன்று அதிகமாக எழுதியிருப்பதையும், புளிக்குப் பழைய விலையை விட்டுவிட்டுப் புது விலை போட்டிருப்பதையும் காட்டினார். வந்தவர் தலையைச் சொறிந்தார். அன்று இரவு இவர் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார். மறுநாள் காலை நான் கல்லாச் சாவியைக் கொண்டுபோய் அவர் தலையணைப் பக்கம் வைத்தேன். சிறுநீரகத்தைக் கெடுத்தது நோய், ஆனால் கடையை அவரிடமிருந்து பறித்தது நோயன்று, நாங்கள்தாம். இப்போது கொள்முதல் முழுவதும் அவர் கையில். பகல் பையை மாற்றும் நேரத்தில் வியாபாரிகளைக் காக்க வைக்கிறார், அதில் அவருக்கு ஒரு பெருமையும் உண்டு.

ஆசிரியர் வீட்டு அம்மா இதைப் படித்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் எதையெல்லாம் அவர் கையிலிருந்து எடுத்து வைத்திருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். கூடவே, உங்களை யாராவது எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார்களா என்பதையும். என்னை இந்த மூன்று ஆண்டுகளில் ஒரே ஒருவர் கேட்டார், கிராமச் செவிலியர்.

மைல்கல்:

மேலே எழுதியவர்கள் மீது மதிப்பு உண்டு. ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்களுக்கெல்லாம் பட்டறையும் கடையும் பள்ளிச் சம்பளமும் இருக்கின்றன. நான் கட்டட வேலைக்குப் போனவன். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் எனக்கு டயாலிசிஸுக்குச் செலவில்லை, அதை மறுக்கவில்லை. ஆனால் போக வர நாளுக்கு ஏறக்குறைய 80 கிலோமீட்டர், இரண்டு பேருந்து. நகரப் பேருந்தில் துணைக்கு வரும் மனைவிக்குக் கட்டணமில்லை, நோயாளியான எனக்கு உண்டு. நான் போகிற மூன்று நாளும் அவளுக்கும் கூலி போகிறது. வாரத்தில் மூன்று நாள் வர மாட்டேன், சிமெண்டு மூட்டை தூக்க மாட்டேன் என்பவனை எந்த மேஸ்திரி வேலைக்குக் கூப்பிடுவார்? வாழ்க்கைக்குப் பொருள் தேடுவது பிறகு இருக்கட்டும், திங்கட்கிழமைப் பேருந்துக் காசுக்கு என்ன செய்வது என்பதுதான் என் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு.

பழையதாள்:

மைல்கல் எழுதியதைத் தொடர்ந்து ஒரு பழைய செய்தியைச் சொல்ல வேண்டும். பொழுதுபோக்குக்காகச் சொல்லவில்லை, நாம் பேசும் பயன், குறிக்கோள் என்ற சொற்களுக்குள் இருக்கும் ஆபத்தைக் காட்டுவதற்காக.

நெதர்லாந்தில் வில்லம் கோல்ஃப் என்ற இளம் மருத்துவர் 1938இல் ஓர் உழவர் மகன் சிறுநீரகம் செயலிழந்து இறப்பதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க நேர்ந்தது. பையனுக்கு 22 வயது. நாளுக்கு 20 கிராம் யூரியாவை வெளியேற்ற ஒரு வழி இருந்திருந்தால் பிழைத்திருப்பான் என்ற எண்ணம் அவரை விடவில்லை. ஜெர்மானியர் பிடியில் நாடு இருந்தபோது, காம்பன் என்ற சிற்றூர் மருத்துவமனையில், இறைச்சி அடைக்கப் பயன்படும் செல்லோஃபேன் உறையை மரச்சட்ட உருளையில் சுற்றி 1943இல் முதல் இயந்திரத்தைச் செய்தார். முதலில் அதில் இணைக்கப்பட்டவர்கள் ஏறக்குறைய அனைவரும் இறந்தனர். 1945இல் மயக்கத்திலிருந்து மீண்டு எழுந்தவர் 67 வயதுப் பெண்மணி. போர் முடிந்தபின், நாஜிகளோடு ஒத்துழைத்தார் என்று சிறையில் வைக்கப்பட்டிருந்தவர் அவர். ஊரார் வெறுத்த கைதி. அவர் உயிருக்கு என்ன பயன் என்று கோல்ஃப் கேட்கவில்லை.

அமெரிக்காவின் சியாட்டிலில் கதை வேறு. 1960இல் பெல்டிங் ஸ்கிரிப்னர் என்ற மருத்துவர், கையில் டெஃப்லான் குழாய் ஒன்றை நிலையாகப் பொருத்தி, வாழ்நாள் முழுதும் டயாலிசிஸ் செய்ய வழி கண்டார். அவருடைய முதல் நோயாளி கிளைட் ஷீல்ட்ஸ், விமானத் தொழிற்சாலையில் எந்திரப் பணியாளர், 11 ஆண்டுகள் வாழ்ந்தார். ஆனால் இயந்திரங்கள் சில, நோயாளிகள் பலர். யாருக்கு இடம் தருவது என்று தீர்மானிக்க ஏழு பேர் கொண்ட குழு அமைக்கப்பட்டது. வழக்கறிஞர், மதகுரு, வங்கியாளர், குடும்பத் தலைவி என்று ஊர்மக்கள். நோயாளியின் வேலை, வருமானம், கல்வி, எத்தனை பிள்ளைகள், தேவாலயத்துக்குப் போகிறவரா என்பதெல்லாம் அவர்கள் முன் வைக்கப்பட்டன. ஊருக்குப் பயனுள்ளவர் கட்டிலைப் பெற்றார், மற்றவர் வீட்டுக்குப் போய் இறந்தார். பெரும் கண்டனம் எழுந்தது. 1972இல் அந்த நாடு சட்டம் இயற்றி, ஏறக்குறைய எல்லாருக்கும் டயாலிசிஸ் செலவை அரசே ஏற்கத் தொடங்கியது.

அந்தக் குழு கலைந்து பல பத்தாண்டுகள் ஆயின. ஆனால் நம் ஒவ்வொருவர் வீட்டிலும், சில நேரம் நம் மண்டைக்குள்ளேயும், அது இன்னும் கூடிக்கொண்டுதான் இருக்கிறது. இத்தனை செலவு செய்து என்னை வைத்திருப்பதற்கு நான் என்ன திருப்பித் தருகிறேன் என்று நோயாளி தன்னையே விசாரிக்கிறார். தறிநாடா சொன்னதை நான் மறுக்கவில்லை, வேலை ஒன்று இருப்பது நல்லது. அது வாழ்வதற்குரிய தகுதிச் சான்றாக மாறிவிடக் கூடாது. மைல்கல் அவர்கள் யாருக்கும் எந்தப் பயனும் காட்டாமல் திங்கட்கிழமைப் பேருந்தில் ஏற உரிமை உள்ளவர்.

தறிநாடா:

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த விமானத் தொழிற்சாலைக்காரர் வீட்டில் சும்மா இருந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாம் ஷிப்ட்:

மைல்கல் அவர்களுக்கு: உங்கள் பிரிவில் நேரத்தை மாற்றிக் கேட்டீர்களா? விடியற்காலை ஷிப்ட் கிடைத்தால் மனைவி ஒரு வேளைக் கூலியையாவது காப்பாற்றலாம். வீட்டுக்கு நெருக்கமான அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ் பிரிவு வந்திருக்கிறதா என்று காப்பீட்டு உதவி மேசையில் கேளுங்கள். முன்பு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மட்டும் இருந்தது, இப்போது பல வட்ட மருத்துவமனைகளிலும் இருக்கிறது. உடல் ஒத்துக்கொண்டால் வயிற்று வழி முறை உங்களுக்குப் பொருந்துமா என்பதையும் மருத்துவரிடம் பேசுங்கள். அதில் பேருந்தே இல்லை.

கரும்பலகை:

இத்தனை பேர் இவ்வளவு கவனமாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. பரிசோதனை செய்தேன், ஹீமோகுளோபின் 7.9. ஊசியின் அளவை மாற்றியிருக்கிறார்கள். ஈரநிலம் அம்மா எழுதியதை என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். பாதியில் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். திரும்பி வந்து, வங்கிக் கடவுச்சொல்லையும் மகளின் கல்லூரிக் கட்டணச் சீட்டையும் மேசையில் வைத்தார்.

முதல் பதிவில் நான் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. மனைவி தம் சிறுநீரகத்தைத் தருவதாக ஆறு மாதமாகச் சொல்லி வருகிறார். நான் மறுத்து வருகிறேன். ஒரு வீட்டில் ஒருவர் உடம்பு கெட்டது போதும், இருவரும் படுத்தால் பெண்ணை யார் பார்ப்பது என்பது நான் வெளியே சொல்லும் காரணம். பழையதாள் எழுதியதைப் படித்தபின் உள்ளே இருந்த காரணம் எனக்கே புலப்பட்டது. அந்தச் சிறுநீரகத்துக்கு நான் தகுதியானவன்தானா என்ற விசாரணையை நடத்தி, எனக்கு எதிராகத் தீர்ப்பும் எழுதியிருந்தேன்.

அம்மாவின்பங்கு:

இந்த இழையை ஒரு வாரமாகப் படித்துவருகிறேன், ஆசிரியரின் கடைசிப் பதிவு என்னை எழுத வைத்துவிட்டது. எனக்கு 29 வயது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் அம்மாவின் சிறுநீரகம் எனக்குப் பொருத்தப்பட்டது. என் பழைய இரண்டும் அப்படியே இருக்கின்றன. புதியதை அடிவயிற்றில் வலப்பக்கம் வைத்தார்கள். தொட்டால் தெரியும்.

மாற்றுச் சிறுநீரகம் நோயைத் தீர்த்துவிடும் என்று எண்ண வேண்டாம். நோய் வேறு வடிவம் எடுக்கும். பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை டாக்ரோலிமஸ் மாத்திரை, உறுப்பு உடலில் இருக்கும் காலமெல்லாம். தவறவிட்டால் உடம்பு அதை அந்நியம் என்று கண்டுகொள்ளும். அதே மாத்திரை எதிர்ப்பாற்றலைக் குறைப்பதால் சாதாரணச் சளிக்கும் அஞ்ச வேண்டும். ஆனால் இயந்திரம் இல்லை. தண்ணீரை அளக்காமல் குடித்த முதல் நாளை என்னால் விவரிக்க இயலாது.

நீங்கள் சொன்ன விசாரணை எனக்கும் நடந்தது. பொருத்திய பின்புதான் நடந்தது, ஆகவே கொடுமை கூடுதல். அம்மா தம் உடம்பை வெட்டிக் கொடுத்திருக்கிறார், நான் ஏதாவது பெரிதாகச் சாதித்துக் காட்ட வேண்டும் என்று ஆட்சிப் பணித் தேர்வுக்குப் படிக்கத் தொடங்கினேன். இரண்டு முறை முதல் நிலையிலேயே தோற்றேன். இரண்டாவது முறை அம்மாவிடம் உன் சிறுநீரகத்தை வீணாக்கிவிட்டேன் என்று அழுதேன். அவர் எனக்கு ஆறுதல் சொல்லவில்லை. இரண்டு தெரு தள்ளி இருக்கும் நியாயவிலைக் கடையில் இன்று பாமாயில் போடுகிறார்கள், ஐந்து மணிக்குள் மூடிவிடுவார்கள், அட்டையை எடுத்துக்கொண்டு ஓடு என்றார். அழுதுகொண்டே போனேன். வரிசையில் நின்றபோதுதான் புரிந்தது, அவர் எனக்குக் கொடுத்தது பாமாயில் வாங்கப் போவதற்காகத்தான். இப்போது ஒரு கணக்காயர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். சாதனை எதுவும் இல்லை.

உங்கள் மனைவி தருவதற்குத் தகுதியானவரா என்பதை மருத்துவர்கள் முழுமையாகச் சோதிப்பார்கள். அவருக்குக் கேடு என்றால் அவர்களே மறுத்துவிடுவார்கள். 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி துணைவர் நெருங்கிய உறவினரே. அவர் தம் விருப்பத்தோடுதான் தருகிறாரா என்பதையும் தனியே கேட்டு உறுதி செய்வார்கள். அவ்வளவு பேர் அவரிடம் கேட்கும்போது நீங்கள் ஒருவர் மட்டும் கேட்காமலே மறுப்பது சரியா? எதற்கும் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தின் காத்திருப்புப் பட்டியலிலும் மருத்துவமனை வழியாகப் பதிந்து வையுங்கள்.

மைல்கல்:

எனக்கு நேரத்தை மாற்றிக் கொடுத்தார்கள். இப்போது காலை ஐந்தரைக்கு ஏறுகிறேன், மனைவி வருவதில்லை, மகன் வந்து கூட்டிப் போகிறான். வேலை இன்னும் கிடைக்கவில்லை. அன்று எழுதிய எதையும் திரும்பப் பெறவில்லை, கேட்டவருக்கு நன்றி மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

கரும்பலகை:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். மனைவிக்கு இரத்தப் பிரிவு பொருந்துகிறது, மற்ற சோதனைகள் நடக்கின்றன. அதன் முடிவு எப்படி இருந்தாலும் ஏற்பது என்று பேசி வைத்திருக்கிறோம்.

பள்ளியில் செவ்வாய், வியாழன், சனிக் காலைகளில் இரண்டு பாடவேளை மட்டும் தரக் கேட்டேன். முழுப் பணி அல்லது முழு விடுப்பு என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. விதி அப்படித்தான் இருக்கிறது, அவர்களைக் குறை கூறுவதற்கில்லை என்றாலும் அன்று இரவு மீண்டும் சுவரைப் பார்த்துத்தான் படுத்தேன். செய்தி எப்படியோ பரவி, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேர் மறுநாள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். மார்ச்சில் பொதுத் தேர்வு, அவர்களுக்குப் புறப்பரப்பு வேதியியல் இன்னும் முடியவில்லை. தறிநாடா சொன்னபடி மூன்றரை நாள் என்று கணக்கிட்டு, அதில் காலை ஒரு மணி நேரம் மட்டும் வைத்துக்கொண்டேன். முதல் வகுப்பில் முப்பது நிமிடத்திலேயே களைத்துப் போனேன். ஒரு பிள்ளை கடிகாரத்தைப் பார்த்து, ஐயா இன்னும் அரை மணி இருக்கிறதே என்றாள்.

நேற்று கூழ்மப்பிரிப்பு வந்தது. வழக்கமான படத்தை வரையாமல் இடக் கையை நீட்டினேன். தயங்கித் தயங்கி ஒருவன் ஃபிஸ்டுலா மீது விரலை வைத்தான். தமனியின் இரத்தம் நேரே சிரைக்குள் பாய்வதால் அங்கே எப்போதும் ஓர் அதிர்வு இருக்கும், காலையில் எழுந்ததும் அது இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பதுதான் நாம் எல்லாரும் செய்யும் முதல் வேலை. அவன் விரலை எடுக்காமலே, உள்ளே மோட்டார் ஓடுகிறது ஐயா என்றான். பிறகு வரிசையாக எல்லாரும் தொட்டுப் பார்த்தார்கள்.

அதன் பின் ஒரு கேள்வி வந்தது, அதற்கு எனக்கு முழு விடை தெரியவில்லை. இயந்திரத்தில் இரத்தம் ஒரு திசையிலும் கரைசல் எதிர்த் திசையிலும் ஓடுவதாகச் சொன்னேன். இரண்டும் ஒரே திசையில் ஓடினால் என்ன, கழிவு அப்போதும் சவ்வைத் தாண்டும்தானே என்று அந்தக் கடிகாரக்காரி கேட்டாள். செவ்வாய்க்குள் சொல்வதாகக் கூறியிருக்கிறேன். மூன்றாம் ஷிப்ட் அவர்கள் உதவ வேண்டும்.

மூன்றாம் ஷிப்ட்:

தாண்டும், ஆனால் பாதி வழியில் சோர்ந்துவிடும். ஒரே திசையில் ஓடினால் தொடக்கத்தில் இரத்தத்தில் கழிவு நிறைய, கரைசலில் ஒன்றுமில்லை, வேகமாகப் பாயும். போகப்போக இரண்டு பக்கமும் சமமாகி, மீதித் தூரம் வீணாகும். எதிரெதிரே ஓடினால், ஓரளவு தூய்மையான இரத்தம் வெளியேறும் முனையில் புத்தம் புதுக் கரைசல் அதைச் சந்திக்கிறது. வேறுபாடு கடைசிவரை குறையாமல் நிற்கும். உங்கள் பிரிவில் காலாவதியான, பயன்படுத்தாத டயலைசர், அதாவது இரத்தத்தை வடிகட்டும் குழாய், இருந்தால் கேட்டு வாங்கிக் காட்டுங்கள். பயன்படுத்தியதைத் தொடக்கூட விடாதீர்கள். ஒரு சாணுக்குச் சற்று நீளமான அந்தக் குழாய்க்குள் மயிரிழைபோன்ற உள்ளீடற்ற இழைகள் ஏறக்குறைய பத்தாயிரம் இருக்கும். இரத்தம் ஓடுவது அவற்றுக்குள்ளே.

தறிநாடா:

பத்தாயிரமா? எங்கள் பாவில் அதில் பாதி இழைகூட வராது. அறுந்தால் யார் பிணைப்பது?